‘பதிவு இல்லை’ என்று வந்த பதில்: டெக்சாஸ் கவுண்டி ஒன்றில் 2011-ஆம் ஆண்டு வழக்குக் கோப்பைத் தேடி எடுத்த விவரம்

பின்னணி

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வட பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 2024-இல் நடந்த விஷயம் இது. அவர்கள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எதையும் சொல்லவில்லை. நான் வழக்கறிஞர் இல்லை. நீதிமன்றங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பழைய ஆவணங்களைத் தேடி எடுக்க நம் ஆட்களுக்கு உதவி வருகிறேன். இதிலும் என் பங்கு அவ்வளவுதான். சட்டக் கேள்விகள் எல்லாம் அவர்கள் அமர்த்தியிருந்த குடிவரவு வழக்கறிஞரிடம் போயின.

மனைவி எச்-4 விசாவில், அதாவது வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசாவில், வந்தவர். வந்து ஓர் ஆண்டு ஆவதற்குள், 2011-இல், ஒரு பெரிய கடையில் சில பொருள்களுக்குப் பணம் கட்டாமல் வெளியே வந்ததாகச் சொல்லி அவரை நிறுத்தினார்கள். நகரப் போலீஸ் வந்து கைது செய்தது. கையில் குழந்தை, தள்ளுவண்டியின் அடித்தட்டில் துணிகள். அன்று என்ன நடந்தது என்று அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை, ஆவணம் தேடுவதற்கு அது தேவைப்படவும் இல்லை. ஓர் இரவு நகரச் சிறையில் இருந்தார். மறுநாள் ஜாமீன். கணவர் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார், நீதிமன்றத் தேதிகளுக்கு அந்த வழக்கறிஞரே போய்வந்தார். மனைவி ஏதோ ஓர் அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார், ஒரு வகுப்பில் உட்கார்ந்தார். சில மாதங்களுக்குப் பிறகு, “கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு, இனிமேல் இதைப் பற்றிப் பேச வேண்டாம்” என்று வழக்கறிஞர் சொன்னார். அவர்களும் பேசவில்லை. ஊரில் பெற்றோருக்குக்கூடத் தெரியாது.

2019-இல் கணவரின் நிறுவனம் வழியாகக் கிரீன் கார்டு கிடைத்தது. ஐந்து ஆண்டு முடியும் சமயத்தில் குடியுரிமைக்கான என்-400 படிவத்தை எடுத்தபோதுதான் பழைய விஷயம் மறுபடி எழுந்தது. எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று அந்தப் படிவம் கேட்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், பதிவு அழிக்கப்பட்டிருந்தாலும், ‘ஆம்’ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வழக்கு எப்படி முடிந்தது என்பதற்கு நீதிமன்றம் சான்றிட்ட நகலை இணைக்க வேண்டும். அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பழைய வழக்கறிஞரின் தொலைபேசி எண் இப்போது வேறு யாருடையதோ.

முதல் தேடலும் அதன் பதிலும்

என்னிடம் வருவதற்கு முன்பே கணவர் நிறையத் தேடியிருந்தார். பேசர் தளத்தில் கணக்குத் திறந்து பார்த்திருக்கிறார். அது கூட்டாட்சி நீதிமன்றங்களின் வழக்குகளுக்கு மட்டுமான தளம். மாநிலச் சட்டப்படி கவுண்டியில் நடக்கும் வழக்கு அதில் ஒருநாளும் வராது. காசு கட்டினால் யாருடைய பின்னணியையும் காட்டுவதாகச் சொல்லும் தனியார் தளம் ஒன்றிலும் தேடியிருந்தார். அங்கே வேறு யார் யாருடைய போக்குவரத்து அபராதங்களோ வந்தன. பிறகு, அவர்கள் குடியிருக்கும் கவுண்டியின் இணையத் தேடலில் மனைவியின் பெயரைப் போட்டார். ஒன்றும் இல்லை. கடைசியாக, ஆவணங்களை வைத்திருக்கும் அந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்தார். இந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் பதிவு எதுவும் இல்லை என்று முத்திரையோடு பதில் வந்தது.

அந்தக் கடிதத்தோடுதான் என்னிடம் வந்தார்கள். “பதிமூணு வருஷம் ஆச்சு அண்ணா. கம்ப்யூட்டர்லயே இல்லைன்னா அழிச்சிருப்பாங்க. இந்த லெட்டரையே வெச்சு அனுப்பிடலாம்ல?” என்று கணவர் கேட்டார். மனைவி எதுவும் சொல்லவில்லை. அந்தக் கடிதம் உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று அவர் எவ்வளவு விரும்பினார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கடிதத்தை அப்படியே அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்தோம். குடிவரவு வழக்கறிஞரும் அதையேதான் சொன்னார். குடியுரிமை விண்ணப்பத்தில் கைரேகை எடுத்து எஃப்.பி.ஐ. பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். 2011-இல் சிறையில் எடுத்த கைரேகை அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அதிகாரியின் திரையில் கைது தெரியும்போது நம் கையில் ‘பதிவு இல்லை’ என்ற கடிதம் இருந்தால், இரண்டும் முரண்படுவதை அவர் உடனே பார்த்துவிடுவார். சத்தியம் செய்து பதில் சொல்லும் இடத்தில் அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பக் கூடாது.

கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். அந்த அலுவலகம் தவறாக எதுவும் சொல்லவில்லை. இந்தக் கவுண்டியில், இந்தப் பெயரில், இல்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில். வழக்கு எந்தக் கவுண்டியில் நடந்தது, எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கிறது, எந்தப் பெயரில் ஏறியிருக்கிறது என்று மூன்று விஷயங்கள் தெரியாமலேயே தேடியிருந்தார்கள்.

எந்தக் கவுண்டி, எந்த அலுவலகம்

முதலில் எஃப்.பி.ஐ.யிடமிருந்து அவருடைய சொந்தப் பதிவுச் சுருக்கத்தை வாங்கினோம். தன் பெயரில் என்ன பதிவு இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் கைரேகை கொடுத்து 18 டாலர் கட்டிக் கேட்கலாம். தேடல் பெயரை வைத்து நடக்காமல் கைரேகையை வைத்து நடப்பதுதான் இதன் பெரிய வசதி. பெயர் எப்படி எழுதப்பட்டிருந்தாலும் பதிவு வந்துவிடும்.

வந்தது. கைது செய்த நகரப் போலீஸின் பெயர், தேதி, குற்றச்சாட்டு மூன்றும் இருந்தன: 50 டாலருக்குக் குறையாத, 500 டாலருக்கு உட்பட்ட பொருள் திருட்டு. வழக்கின் முடிவு என்ற இடம் காலி. இது அடிக்கடி நடப்பதுதான். கைது நடந்த அன்றே கைரேகை மேலே போய்விடுகிறது, பல மாதங்கள் கழித்து நடந்த தள்ளுபடி பல நேரம் போய்ச் சேருவதில்லை. அதனால் எஃப்.பி.ஐ. சுருக்கம் வழி காட்டுமே தவிர, வழக்கு எப்படி முடிந்தது என்பதற்குச் சான்றாகாது.

அந்த டாலர் கணக்கு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. டெக்சாஸில் திருட்டு வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பதைப் பொருளின் மதிப்புதான் முடிவு செய்கிறது. 2015 செப்டம்பர் 1-க்கு முன்பு 50 டாலருக்குக் கீழே என்றால் ‘சி’ வகுப்புச் சிறு குற்றம், அபராதம் மட்டும், நகராட்சி நீதிமன்றத்திலோ ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் எனப்படும் சிறு வழக்கு நீதிமன்றத்திலோ முடிந்துவிடும். 50 முதல் 500 வரை ‘பி’ வகுப்பு. 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். இன்று அந்த எல்லைகள் 100, 750 என்று உயர்ந்துவிட்டன. பழைய வழக்கைத் தேடும்போது பழைய எல்லையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். நகரப் போலீஸ், நகரச் சிறை என்றதால் இது ‘சிட்டி கோர்ட்’ விவகாரம் என்றே கணவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். ‘பி’ வகுப்பு என்றால் நகராட்சி நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது. கைதானவரை முதலில் அங்கே நிறுத்தி ஜாமீன் தொகை குறிப்பார்கள். வழக்கு நடப்பது கவுண்டி நீதிமன்றத்தில்.

அப்புறம், எந்த கிளார்க்? டெக்சாஸில் 254 கவுண்டிகள். பொதுவாக ஒவ்வொன்றிலும் தேர்தலில் நின்று வந்த இரண்டு கிளார்க்குகள் இருப்பார்கள். டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் பெருங்குற்ற வழக்குகளும் விவாகரத்து வழக்குகளும். கவுண்டி கிளார்க்கிடம் ‘ஏ’, ‘பி’ வகுப்புக் குற்றங்கள், உயில் வழக்குகள், நிலப் பத்திரங்கள். 8,000 பேருக்குக் குறைவான சிறு கவுண்டிகளில் ஒருவரே இரண்டு பொறுப்பையும் வகிக்கலாம். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியிலோ ‘ஏ’, ‘பி’ வகுப்பு வழக்குகளின் கோப்புகளையும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்தான் வைத்திருக்கிறார். ஆகவே விதி தெரிந்திருந்தாலும், அந்தந்தக் கவுண்டியின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கவுண்டியைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் இழுத்தது. வட டெக்சாஸின் நகரங்கள் கவுண்டி எல்லையைப் பார்த்து வளர்ந்தவை அல்ல. டாலஸ் நகரம் ஐந்து கவுண்டிகளுக்குள் கிடக்கிறது. ஃபிரிஸ்கோ நகரம் காலின், டென்டன் இரண்டிலும் இருக்கிறது. இந்தக் குடும்பம் சம்பந்தப்பட்ட நகரமும் அப்படிப்பட்டது. அவர்கள் வீடு ஒரு கவுண்டியில். கடை அடுத்த கவுண்டியில். குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் இடம் எந்தக் கவுண்டியோ, வழக்கு அங்கேதான் போகும். இது கணவருக்குத் தெரியாது. கடைக்கும் வீட்டுக்கும் பத்து நிமிடத் தூரம்தான், அதற்குள் கவுண்டி மாறும் என்று யார் நினைப்பார்கள்?

இதை உறுதி செய்ய, நகரப் போலீஸுக்கு டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் ஒரு கோரிக்கை அனுப்பினோம். தண்டனையில் முடியாத வழக்கு என்றால் போலீஸ் அறிக்கை முழுவதையும் தர அவர்கள் மறுக்கலாம், சட்டம் அதற்கு இடம் தருகிறது. அடிப்படை விவரங்களை மட்டும் தந்தே ஆக வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்: சம்பவம் நடந்த முகவரி. முகவரியை வரைபடத்தில் போட்டதும் கவுண்டி தெரிந்துவிட்டது.

இதே சட்டத்தைக் காட்டி நீதிமன்றத்திடம் கேட்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். முடியாது. டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டம் நீதித்துறைக்குப் பொருந்தாது. அப்படி எழுதினால் கடிதம் திரும்பி வரும், நாள் வீணாகும். வழக்குக் கோப்பைப் பார்க்க வேறு அடிப்படைகள் இருக்கின்றன. கவுண்டி கிளார்க்கிடம் உள்ள பதிவுகள், சட்டம் தனியாகத் தடுக்காதவரை, பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று டெக்சாஸ் உள்ளாட்சிச் சட்டத்தின் 191.006 பிரிவு சொல்கிறது. நீதிமன்ற ஆவணங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் மக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1978-இல் நிக்சன் எதிர் வார்னர் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் ஏற்றுக்கொண்டது. நடைமுறையில் இந்தப் பிரிவுகளை எல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. கிளார்க் அலுவலகத்தின் சாதாரண நகல் விண்ணப்பப் படிவமே போதுமாக இருந்தது.

பெயர்

சரியான கவுண்டி தெரிந்த பிறகும் இணையத் தேடலில் ஒன்றும் வரவில்லை. இந்த இடத்தில் நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருமணத்துக்கு முன் எடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒரே ஒரு பெயர்தான். நம் ஊரில் இனிஷியலோடு வாழ்ந்தவர்களுக்கு இது சாதாரணம். அமெரிக்க விசா முறையில் குடும்பப் பெயர் கட்டாயம். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு அந்தப் பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவில் இருந்ததே டெக்சாஸ் அடையாள அட்டையிலும் ஏறியது. 2011-இல் சிறையில் பதிவு செய்தவர் அந்த அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறார். பிறகு 2014-இல் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தபோது கணவர் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்தார்கள். கிரீன் கார்டு, இப்போதைய ஓட்டுநர் உரிமம் எல்லாமே புதுப் பெயரில். கணவர் தேடியதும் அந்தப் புதுப் பெயரில்தான். 2011-இல் அப்படி ஒரு பெயரில் ஆளே கிடையாது.

நீதிமன்றத் தேடல் தளங்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரை வைத்தே தேடுகின்றன. அவருடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துப் பார்த்தோம். அப்போதும் வரவில்லை. அவர் பெயரில் ழகரம் உண்டு; அதை ஆங்கிலத்தில் இஸட், ஹெச் என்ற இரண்டு எழுத்தால் எழுதுவார். இரண்டில் ஒன்று விடுபடலாம், இடம் மாறலாம் என்று தோன்றியதால், நடந்திருக்கக்கூடிய எழுத்துப் பிழைகளை எல்லாம் அவரையே உட்கார்ந்து எழுதச் சொன்னேன். மருத்துவமனைச் சீட்டிலிருந்து குழந்தையின் பள்ளிப் படிவம் வரை தன் பெயர் எப்படியெல்லாம் சிதைந்து வந்திருக்கிறது என்பது வேறு யாரையும் விட அவருக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலையும், பிறந்த தேதியையும், கைது தேதியையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே கவுண்டி கிளார்க் அலுவலகம் போனோம்.

நேரில் போவதில் பலன் இருந்தது. பொதுமக்கள் உட்கார்ந்து தேட அங்கே கணினிகள் வைத்திருக்கிறார்கள், அதற்குக் கட்டணம் இல்லை. ஹெச் இல்லாத எழுத்துக்கூட்டலில் ஒரு வழக்கு திரையில் வந்தது. பிறந்த ஆண்டு பொருந்தியது, குற்றச்சாட்டு பொருந்தியது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கவுன்ட்டரில் கேட்பார்களோ என்று அவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று கணவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. பொதுப் பதிவைக் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர் முழுப் பிறந்த தேதியையும் கோப்பில் இருந்த பழைய முகவரியையும் ஒப்பிட்டு, இது இவருடையதுதான் என்று உறுதி செய்தார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

என்ன கேட்பது என்ற முடிவு

வழக்கு எண் கிடைத்ததும், ஒரு பக்க முடிவுத் தாளை மட்டும் சான்றிட்டு வாங்கிப் போய்விடலாம் என்று கணவர் நினைத்தார். பெரும்பாலானோர் செய்வதும் அதுதான். குடிவரவு வழக்கறிஞர் கோப்பு முழுவதையும் கேட்கச் சொன்னார். இந்த வழக்கில் எடுத்த முடிவுகளிலேயே மிக முக்கியமானது இதுதான் என்பது என் கருத்து.

டெக்சாஸில் ‘தள்ளுபடி’ என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் பல விதமான முடிவுகள் இருக்கலாம். அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டிருக்கலாம். டெஃபர்டு அட்ஜுடிகேஷன் ஆக இருக்கலாம்: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகோ, எதிர்வாதம் இல்லை என்று சொன்ன பிறகோ, நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்து, கண்காணிப்புக் காலம் முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்வது. மாநிலச் சட்டத்தில் அது தண்டனை இல்லை. கூட்டாட்சிக் குடிவரவுச் சட்டத்தில் தண்டனையாகவே கணக்கு. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தால் போதும் என்பது அந்தச் சட்டத்தின் வரையறை. மூன்றாவது வகை, ப்ரீ-டிரயல் டைவர்ஷன்: விசாரணைக்கு முன்பே அரசு வழக்கறிஞரோடு ஓர் ஒப்பந்தம், வகுப்பு, பிறகு தள்ளுபடி. இதுவாவது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். 2017-இல் மேட்டர் ஆஃப் முகமது என்ற முடிவில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், டெக்சாஸின் இத்தகைய ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டு, அதில் குற்றத்தை நிறுவப் போதுமான உண்மைகளை ஒப்புக்கொண்டிருந்து, நீதிபதியும் கட்டுப்பாடு விதிக்கும் உத்தரவுக்கு ஒப்புதல் தந்திருந்தால், அதுவும் தண்டனைதான் என்று சொல்லிவிட்டது.

ஒரு பக்கத் தாளில் இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. ‘தள்ளுபடி’ என்று மட்டும் இருக்கும். குற்றத்தை ஒப்புக்கொண்ட தாள் கோப்பில் இல்லை என்பதை எப்படிக் காட்டுவது? கோப்பு முழுவதும் இவ்வளவுதான் என்று கிளார்க்கே சான்றிட்டுத் தந்தால்தான் காட்ட முடியும். ஆகவே, வழக்கில் நடந்தவற்றைத் தேதிவாரியாகப் பதிந்த டாக்கெட் தாளையும் சேர்த்து, விண்ணப்பத்தில் இப்படி எழுதினோம்: “மேற்கண்ட வழக்கு எண்ணின் முழுக் கோப்பு, டாக்கெட் தாள் உட்பட, ஒரே தொகுப்பாகச் சான்றிட்டு, மொத்தப் பக்க எண்ணிக்கை சான்றில் குறிப்பிடப்பட வேண்டும்.” குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் என்ற கட்டத்தில் கோப்பில் உள்ளபடியே பிழையான எழுத்துக்கூட்டலை எழுதி, பக்கத்தில் இப்போதைய பெயரையும் குறித்தோம்.

கட்டணம் பெரிதில்லை. டெக்சாஸ் கவுண்டி கிளார்க் அலுவலகங்களில் பொதுவாகப் பக்கத்துக்கு 1 டாலர், சான்றுக்கு 5 டாலர். இரண்டு தொகுப்பு கேட்டோம், ஒன்று விண்ணப்பத்தோடு அனுப்ப, ஒன்று வீட்டில் வைக்க. அப்போஸ்டில், அதாவது ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று, வேண்டுமா என்று கணவர் கேட்டார். அமெரிக்க அரசு அலுவலகத்துக்குள் பயன்படுத்த அது தேவையில்லை. இதே கவுண்டியின் விவாகரத்துத் தீர்ப்பை இந்தியாவில் காட்ட வேண்டும் என்றால் கதை வேறு. சான்றிட்ட நகலை ஆஸ்டினில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பி, ஆவணத்துக்கு 15 டாலர் கட்டி அப்போஸ்டில் வாங்க வேண்டும்.

இதோடு சேர்த்து, குடிவரவுத் துறையிடம் உள்ள அவருடைய சொந்தக் கோப்பையும் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் கேட்டு வைத்தோம். கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கைது பற்றி ‘ஆம்’ என்று குறித்ததாக இருவரும் உறுதியாகச் சொன்னார்கள். அப்போது நிறுவனத்தின் வழக்கறிஞர் எதை இணைத்தார் என்பதுதான் தெரியவில்லை. முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்திருக்க வேண்டும் என்றால், முன்பு சொன்னது கையில் இருக்க வேண்டும்.

கோப்பில் இருந்தவையும் இல்லாதவையும்

கோப்பு மெல்லியதாக இருந்தது. போலீஸின் புகார் மனு, அரசு வழக்கறிஞரின் குற்றப்பத்திரம், ஜாமீன் பத்திரம், வழக்கறிஞர் ஆஜர் குறிப்பு, தேதிகள் தள்ளிவைக்கப்பட்ட டாக்கெட் தாள், கடைசியில் அரசுத் தரப்பின் தள்ளுபடி மனுவும் அதன் கீழே நீதிபதியின் ஒரு வரி உத்தரவும். தள்ளுபடிக்கான காரணங்கள் அச்சடிக்கப்பட்ட பட்டியலில், டைவர்ஷன் திட்டத்தை நிறைவு செய்தார் என்ற இடத்தில் குறி.

குற்ற ஒப்புதல் தாள் இல்லை. எதிர்வாதம் இல்லை என்ற தாளும் இல்லை. டைவர்ஷனில் சேர்க்கும்படி நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு எதுவும் இல்லை. டைவர்ஷன் ஒப்பந்தமே கோப்பில் இல்லை. அது அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையிலானது, பல நேரங்களில் நீதிமன்றத்தில் தாக்கலே ஆகாது. அன்று அவர் கையெழுத்துப் போட்ட அலுவலகம் எது என்பதும் அப்போதுதான் புரிந்தது. நீதிபதி முன்னால் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

குடிவரவு வழக்கறிஞர் இந்தத் தொகுப்பைப் படித்துவிட்டு, குடிவரவுச் சட்டப்படி இது தண்டனை ஆகாது என்ற தம் கருத்தை ஒரு கடிதமாக எழுதி, சான்றிட்ட கோப்போடு இணைத்தார். முகமது முடிவையும் அவரே எடுத்துக் குறிப்பிட்டு, இந்த வழக்கு எங்கே வேறுபடுகிறது என்று விளக்கினார். பெயர் மாறிய விதத்தை விளக்கி, பழைய பாஸ்போர்ட், பழைய விசா, புதிய பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் சேர்த்தார். இல்லாவிட்டால், கோப்பில் இருக்கும் எஃப்.என்.யூ. ஆளும் விண்ணப்பதாரரும் ஒருவரே என்பதை அதிகாரி எப்படி நம்புவார்?

பிறகு நடந்தது

தகவல் சுதந்திரச் சட்டக் கோரிக்கைக்கு, என்-400 அனுப்பிய பிறகுதான் பதில் வந்தது. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் ‘ஆம்’ என்ற பதில் இருந்தது. அதோடு ஒரு பக்க முடிவுத் தாள், இதே வழக்கு எண்ணோடு, இதே பிழையான எழுத்துக்கூட்டலோடு. நிறுவனத்தின் வழக்கறிஞர் அதை எப்படியோ முன்பே எடுத்திருக்கிறார், குடும்பத்துக்கு ஒரு நகல் தரவில்லை. அன்று தந்திருந்தால் கவுண்டியையும் பெயரையும் தேடி அலைந்திருக்கவே வேண்டாம்.

நேர்காணலில் அதிகாரி கைது பற்றிக் கேட்டார். மனைவி நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கோப்பைப் புரட்டிய அதிகாரி இரண்டு விஷயங்களை மட்டும் கேட்டார்: நீதிபதி முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா, பெயர் ஏன் வேறாக இருக்கிறது. இரண்டுக்கும் பதில் ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது. முடிவு அன்றே சொல்லப்படவில்லை. சில வாரங்களில் ஒப்புதல் வந்து, அவர் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்வது

இதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே எஃப்.பி.ஐ. சுருக்கத்துக்கு அனுப்பச் சொல்கிறேன். பெயர் வழித் தேடலில் வாரக்கணக்கில் போராடிவிட்டுக் கடைசியில் அதற்குப் போவது தலைகீழ் வரிசை. கூடவே, இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் எந்தெந்த ஆவணத்தில் எந்தெந்தப் பெயரில் இருந்தார்கள் என்று ஆண்டு வாரியாக ஒரு பட்டியல். ஒற்றைப் பெயர்க்காரர்கள், பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது பெயர் சேர்த்தவர்கள், திருமணத்துக்குப் பின் மாற்றியவர்கள் எல்லாருக்கும் இது தேவைப்படும். ‘பதிவு இல்லை’ என்று எந்த அலுவலகம் எழுதிக் கொடுத்தாலும், அந்தப் பட்டியலில் உள்ள எத்தனை பெயருக்கு அது பொருந்தும் என்று பார்த்த பிறகே அதை நம்பச் சொல்கிறேன்.

கோப்பு உண்மையிலேயே அழிக்கப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வைத்திருந்தோம். நீதிமன்றக் காகிதங்களை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு டெக்சாஸ் மாநில நூலக, ஆவணக் காப்பக ஆணையம் கால அட்டவணை வெளியிட்டிருக்கிறது. காலம் முடிந்தவற்றை அழிக்கலாம். அப்படி அழிந்திருந்தால், வழக்கு நடந்த அதே நீதிமன்றத்திடமிருந்து, வழக்கில் இருந்த அதே பெயருக்கு, பதிவு இப்போது இல்லை என்ற சான்றிட்ட கடிதம் வாங்கியிருப்போம். வேறு கவுண்டியிலிருந்து வந்த முதல் கடிதம் அதற்கு ஈடாகாது.

வழக்கு இப்போதுதான் முடிகிறது என்றால், முடிந்த வாரமே முழுக் கோப்பின் சான்றிட்ட நகலை வாங்கிவிட வேண்டும். குற்ற வழக்கறிஞர்கள் ‘முடிந்துவிட்டது, மறந்துவிடுங்கள்’ என்று சொல்வது மாநிலச் சட்டத்தை மனதில் வைத்து. குடிவரவுக் கணக்கில் எதுவும் மறந்துபோவதில்லை. பதிவையே அழிக்கும் எக்ஸ்பங்ஷன் உத்தரவு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வேலை தேடும்போது பின்னணிச் சோதனையில் கைது தெரியக் கூடாது என்பதற்காகப் பலர் அதற்கு அவசரப்படுகிறார்கள், அந்த அவசரம் நியாயமானதும்கூட. ஆனால் உத்தரவு வந்த பிறகு கிளார்க் அலுவலகத்தில் கோப்பு இருக்காது, கேட்டாலும் தர முடியாது. குடிவரவுத் துறை மட்டும் அப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். நகல்களைக் கையில் வாங்கிய பின்புதான் அந்த மனு.

இந்தப் பெண்மணி இப்போது அந்த மனுவைத்தான் போட விரும்பினார். குடியுரிமை கைக்கு வந்துவிட்டதால் தடை இல்லை என்று வழக்கறிஞரும் சொன்னார். மனுத் தாக்கலுக்கு முன்பு முழுக் கோப்பின் இன்னொரு சான்றிட்ட தொகுப்புக்கு அவரே கவுன்ட்டருக்குப் போய் விண்ணப்பித்தார். இந்த முறை தனியாகவே போனார்.